கட்டற்ற இயங்குதளத்துக்கு ஏற்ற மடிக்கணினி, டேப்லெட், கைபேசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டற்ற இயங்குதளம் என்று இங்கே எது குறிக்கப்படுகிறது?

எந்த நோக்கத்துக்கும் இயக்கவும், மூலநிரலைப் படித்து மாற்றவும், நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும், மாற்றிய வடிவத்தைப் பகிரவும் பயனருக்கு உரிமை தரும் மென்பொருளால் ஆன இயங்குதளமே இங்கே குறிக்கப்படுகிறது. 1983இல் அறிவிக்கப்பட்ட குனு திட்டத்தின் நிரல்களும் 1991இல் வெளிவந்த லினக்ஸ் கெர்னலும் (வன்பொருளையும் நிரல்களையும் இணைக்கும் மையப்பகுதி) சேர்ந்தவைதான் இன்று பெரும்பாலோர் நிறுவிக்கொள்ளும் டெபியன், ஃபெடோரா, உபுண்டு போன்றவை. டிரிஸ்குவெல், பியூர்ஓஎஸ், குனு கீக்ஸ் ஆகியவை இவற்றைவிடக் கண்டிப்பானவை; மூலநிரல் கிடைக்காத எந்தக் கோப்பையும் அவை தம்முடன் சேர்த்துத் தருவதில்லை. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வேறுபாடு நேரடியாகக் குறுக்கிடுகிறது. டெபியனில் எந்தக் குறையுமின்றி இயங்கும் ஒரு மடிக்கணினி, டிரிஸ்குவெலில் வைஃபை இல்லாமல் நிற்கக்கூடும். ஆகவே தமக்கு எந்த அளவுக் கண்டிப்பு வேண்டும் என்பதை ஒருவர் தேடலைத் தொடங்குவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

லினக்ஸ் ஏறக்குறைய எல்லா மடிக்கணினிகளிலும் ஓடுகிறது என்கிறார்களே, பிறகு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

ஓடுகிறது என்பது உண்மைதான். திரையில் முகப்பு வந்து, விசைப்பலகை வேலை செய்து, உலாவி திறந்துவிட்டால் ஓடுகிறது என்றுதான் சொல்வார்கள். மூடியை மூடி வைத்தால் இரவோடு இரவாக மின்கலம் தீர்ந்துபோவதும், கேமரா கறுப்பாகவே இருப்பதும், கைரேகை உணரி கண்டுகொள்ளப்படாமல் கிடப்பதும் பிறகுதான் தெரியவரும். மேசைக் கணினியில் ஒத்துவராத அட்டையைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகிவிடலாம். கையடக்கக் கருவிகளில் வரைகலைச் சிப், ஒலிச் சிப், பல வேளைகளில் வைஃபை, நினைவகம், சேமிப்பகம்கூட மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வருகின்றன. வாங்கும் நேரத்தில் எடுக்கும் முடிவு அந்தக் கருவியின் ஆயுள் முழுவதும் மாறாது.

அடுத்த அடுக்கு ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள்ளேயே ஓடும் நிரல். ஒரு பாகத்தை இயக்க கெர்னலில் உள்ள டிரைவர் என்ற நிரல் கட்டற்றதாக இருந்தாலும், அது சிப்புக்குள் ஏற்றும் சிறு நிரல் உற்பத்தியாளரின் மூடிய கோப்பாக இருப்பது இன்று மிகவும் சாதாரணம். டெபியன் திட்டம் 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் இத்தகைய ஃபர்ம்வேர் கோப்புகளை அதிகாரபூர்வ நிறுவல் படிமத்திலேயே சேர்த்துத் தருகிறது. புதிய பயனர்களுக்கு இது பெரிய உதவிதான். ஆனால் எந்தெந்தப் பாகம் மூடிய ஃபர்ம்வேரை நம்பியிருக்கிறது என்பது முன்புபோல நிறுவும்போதே கண்ணில் படுவதில்லை. தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

எந்த நிறுவனத்தின் மடிக்கணினியை வாங்கலாம்?

நிறுவனத்தின் பெயர் இக்கேள்விக்கு விடையாகாது. கேட்க வேண்டியது உள்ளே என்ன சிப் இருக்கிறது என்பதை. ஒரே மாடல் பெயரில், ஒரே ஆண்டில் விற்கப்படும் மடிக்கணினிகளில் ஒன்றில் இன்டெல் வைஃபையும், இன்னொன்றில் ரியல்டெக்கும், மூன்றாவதில் மீடியாடெக்கும் இருப்பது வழக்கம். நண்பரிடம் உள்ள மாடலையே பார்த்து வாங்கியவருக்கு வைஃபை கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பெட்டியின் மேல் அல்லது கருவியின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் முழுப் பொருள் எண் மாடல் பெயரைவிட நம்பகமானது. அதைவிட நம்பகமானது, கருவியை லினக்ஸில் இயக்கி எல்எஸ்பிசிஐ, எல்எஸ்யூஎஸ்பி என்ற இரண்டு கட்டளைகளைக் கொடுத்துப் பார்ப்பது. அவை காட்டும் பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்கும் உற்பத்தியாளர் எண், பொருள் எண் என இரண்டு எண்கள் இருக்கும். தேட வேண்டியது அந்த எண்களைத்தான்.

வைஃபைதான் முதலில் தொல்லை தரும் என்பது உண்மையா?

கண்டிப்பான இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பொறுத்தவரை உண்மை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மடிக்கணினியில் மாற்றக்கூடிய பாகங்களுள் பெரும் பலன் தருவது இதுதான்.

இன்டெல்லின் வைஃபை அட்டைகளுக்கான டிரைவர் கட்டற்றது, கெர்னலிலேயே இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது; ஆனால் அது ஏற்றும் ஃபர்ம்வேர் மூடியது. ரியல்டெக், மீடியாடெக், பிராட்காம் அட்டைகளில் பெரும்பாலானவையும் மூடிய ஃபர்ம்வேரையே நம்பியிருக்கின்றன. டெபியனோ ஃபெடோராவோ போதும் என்பவருக்கு இன்டெல் அட்டையே தொல்லை குறைந்த தேர்வு. ஃபர்ம்வேர் கோப்பே தேவைப்படாத அட்டை வேண்டும் என்பவர் ஏதிரோஸ் நிறுவனத்தின் ஏடிஎச்9கே டிரைவரில் இயங்கும் சிப்களை நாட வேண்டும்: ஏஆர்9280, ஏஆர்9285, ஏஆர்9380, ஏஆர்9462 போன்றவை. இவை 802.11என் தலைமுறையைச் சேர்ந்தவை. இன்றைய அட்டைகளின் வேகம் இவற்றில் கிடைக்காது, ஆனால் அன்றாட இணையப் பயன்பாட்டுக்குத் தாராளமாகப் போதும். ஏஆர்9462இல் ஒரு நுணுக்கம் உண்டு: வைஃபை பகுதி ஃபர்ம்வேர் கேட்காது, அதே அட்டையில் உள்ள புளூடூத் பகுதி கேட்கும்.

அட்டையை மாற்றுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, பொருத்துமிடத்தின் வடிவம்: பழைய கருவிகளில் மினி பிசிஐஇ, புதியவற்றில் எம்.2. இரண்டு, சில நிறுவனங்களின் பழைய பயாஸ்கள் (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல்கள்) தாம் அங்கீகரித்த அட்டைகளை மட்டுமே ஏற்கும். வேறு அட்டையைச் செருகினால் கணினி தொடங்காமல் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். மூன்று, இன்டெல்லின் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்ற அட்டைகளில் வானொலிப் பகுதி மட்டுமே அட்டையில் இருக்கிறது, மீதி இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது. எனவே இவற்றை ஏஎம்டி மடிக்கணினியில் செருகிப் பயனில்லை. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் முழுமையான தனி அட்டைகள். கடைசி இலக்கம் ஒன்றா, சுழியா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

வைஃபை மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டிருந்தால் யூஎஸ்பி அட்டை ஒன்றே வழி. ஏஆர்9271 சிப் கொண்ட யூஎஸ்பி அட்டைகளுக்கான ஃபர்ம்வேரின் மூலநிரல் 2013இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டது. ஃபர்ம்வேரையும் சேர்த்து மாற்றி எழுதிக்கொள்ள முடிகிற அரிய வைஃபை கருவிகளில் அதுவும் ஒன்று. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்கும்.

வரைகலைச் சிப்பில் எதைத் தேர்வது?

இன்டெல்லின் உள்ளிணைந்த வரைகலைச் சிப், அதுவும் 2015இல் வந்த ஸ்கைலேக் தலைமுறைக்கு முந்தையது என்றால் ஃபர்ம்வேர் எதுவுமே தேவையில்லை. ஸ்கைலேக்கிலும் அதற்கடுத்து வந்தவற்றிலும் ஃபர்ம்வேர் இல்லாமலேயே திரை வரும். ஆழ்ந்த மின்சேமிப்பு நிலைகள் கிடைக்காது. மிகப் புதிய தலைமுறைகளில் இந்தச் சார்பு கூடியிருக்கிறது. ஏஎம்டியின் டிரைவர் கட்டற்றது, தரமானது, நிறுவனமே பராமரிப்பது; ஆனால் ஃபர்ம்வேர் கோப்புகள் இல்லாவிட்டால் அந்த டிரைவர் இயங்கவே மறுக்கும்.

என்விடியா தனிச் சிப் உள்ள மடிக்கணினியை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசை முதல் சிப்பானது என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை மட்டுமே ஏற்கிறது. அதனால் நூவோ என்ற கட்டற்ற டிரைவர் பல ஆண்டுகள் சிப்பின் வேகத்தைக்கூட உயர்த்த முடியாமல் தவித்தது. 2022இல் நிறுவனம் தன் கெர்னல் பகுதியின் மூலநிரலை வெளியிட்டது வரவேற்க வேண்டியதே. ஆயினும் அதற்கு மேலே இயங்கும் வரைகலை நூலகங்கள் மூடியவையாகவே தொடர்கின்றன.

ஒலி, கேமரா, கைரேகை, உறக்க நிலை ஆகியவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய மடிக்கணினிகளில் ஒலி ஒரு பிரச்சினையே அல்ல. புதிய இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் உள்ளிணைந்த மைக், டிஎஸ்பி எனப்படும் ஒலிச் செயலியின் வழியாக இணைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு ஃபர்ம்வேர் வேண்டும். அந்த ஃபர்ம்வேரின் மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது என்றாலும், கடையில் விற்கும் பெரும்பாலான மடிக்கணினிகளின் சிப் இன்டெல் கையொப்பமிட்ட வடிவத்தை மட்டுமே ஏற்கும். மாற்றி எழுதும் உரிமை கையில் இருக்கிறது, மாற்றியதை ஏற்றும் வழி இல்லை. மூலநிரல் கிடைப்பதைப் போலவே மாற்றியதை ஏற்கும் வன்பொருளும் அவசியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

கேமராவைப் பொறுத்தவரை, உள்ளே யூஎஸ்பி வழியாக இணைந்தவை ஏறக்குறைய எப்போதும் வேலை செய்யும். அண்மைக்கால மெல்லிய மடிக்கணினிகளில் யூஎஸ்பிக்குப் பதிலாக மிப்பி என்ற வேறு இணைப்பில் வரும் கேமராக்கள்தான் சிக்கல். எல்எஸ்யூஎஸ்பி பட்டியலில் கேமரா தென்படவில்லை என்றால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கைரேகை உணரியை எதிர்பார்க்காமல் இருப்பதே மேல்.

உறக்க நிலை அடிக்கடி மறக்கப்படுகிறது. முன்பு எல்லா மடிக்கணினிகளிலும் இருந்த எஸ்3 என்ற ஆழ் உறக்கத்தை 2020ஐ ஒட்டி வந்த பல கருவிகள் கைவிட்டுவிட்டன. அவற்றில் செயலி அரைத் தூக்கத்திலேயே இருக்கும். ஏதேனும் ஒரு பாகம் விழித்திருந்தாலும் மின்கலம் கரையும். லினக்ஸில் சிஸ் அடைவின் பவர் பிரிவில் மெம்_ஸ்லீப் என்றொரு கோப்பு உண்டு. அதைத் திறந்தால் டீப் என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இருந்தால் ஆழ் உறக்கம் உண்டு.

பயாஸ், இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சின் பற்றியெல்லாம் கவலைப்பட வேண்டுமா?

கவலைப்பட வேண்டும் என்றே நான் கருதுகிறேன். ஆனால் எந்தக் கருவியும் வாங்காமல் இருந்துவிடும் அளவுக்கு அல்ல.

இயங்குதளம் தொடங்குவதற்கு முன்பே மின்னிணைப்பு கொடுத்த கணத்தில் இயங்கத் தொடங்குவது பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ. அது மதர்போர்டில் உள்ள சிறு ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது. அதற்கு மாற்றாக வந்த கட்டற்ற திட்டம் கோர்பூட். 1999இல் லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் தொடங்கி 2008இல் இப்பெயர் பெற்றது. கோர்பூட்டை எளிதாக நிறுவும் வடிவில் தருவது லிப்ரெபூட். இவை எல்லா மதர்போர்டுகளுக்கும் கிடைப்பதில்லை, குறிப்பிட்ட சில மாடல்களுக்கு மட்டுமே கிடைக்கின்றன.

மேனேஜ்மென்ட் எஞ்சின் என்பது 2008ஐ ஒட்டி இன்டெல் சிப்செட்கள் அனைத்திலும் இடம்பிடித்த தனிச் செயலி. தனக்கென மூடிய நிரலைக் கொண்டது. முதன்மைச் செயலி நிறுத்தப்பட்டிருக்கும்போதும் இயங்கக்கூடியது. ஏஎம்டி செயலிகளிலும் 2013 முதல் இதற்கு இணையான பாதுகாப்புச் செயலி இருக்கிறது. கோர் 2 என்ற பழைய இன்டெல் செயலிகளின் காலச் சிப்செட்களில் இந்த எஞ்சினின் நிரலை முற்றாக அழித்துவிட்டாலும் கணினி இயல்பாக இயங்கும். அடுத்த தலைமுறைகளில் அழித்தால் 30 நிமிடங்களில் கணினி தானே அணைந்துவிடும். ஆகவே அவற்றில் மீ_கிளீனர் என்ற கருவியைக் கொண்டு நிரலின் பெரும்பகுதியை நீக்கி, தொடக்கத்துக்கு அவசியமான சிறு துண்டை மட்டும் விட்டுவைக்கிறார்கள். சில மடிக்கணினித் தயாரிப்பாளர்களே இந்த எஞ்சினைச் செயலிழக்கச் செய்து விற்கவும் செய்கிறார்கள்.

லிப்ரெபூட் போட்ட பழைய திங்க்பேட் மடிக்கணினி இன்றைக்கும் உதவுமா?

எழுத, படிக்க, மின்னஞ்சல் பார்க்க, நிரல் எழுத உதவும். நடைமுறையில் பேசப்படும் மாடல்கள் இரண்டு வகை. 2008இன் திங்க்பேட் எக்ஸ்200, டி400 போன்றவை கோர் 2 டுவோ செயலியும் அதிகபட்சம் 8 ஜிபி நினைவகமும் கொண்டவை; மேனேஜ்மென்ட் எஞ்சினை முழுதாக நீக்கலாம், வரைகலைக்கு ஃபர்ம்வேர் தேவையில்லை, வைஃபை அட்டையை ஏதிரோஸாக மாற்றிவிட்டால் டிரிஸ்குவெல் எந்தக் குறையுமின்றி இயங்கும். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, பயனர் உரிமையை மதிக்கும் வன்பொருளுக்கு வழங்கும் சான்றிதழை இந்த வகை மடிக்கணினிகளுக்குத்தான் வழங்கியது. கனத்த இணையப் பக்கங்களிலும் உயர்தரக் காணொளியிலும் இவை திணறும். அதை முன்கூட்டியே அறிந்து வாங்குபவருக்கு ஏமாற்றம் இராது.

இரண்டாவது வகை 2012இன் எக்ஸ்230, டி430. இவற்றில் எஞ்சினை முழுதாக நீக்க முடியாது, சுருக்கலாம். ஆனால் கோர்பூட் இவற்றின் நினைவகத்தை மூடிய கோப்பு எதுவுமின்றித் தானே தயார்ப்படுத்துகிறது. 16 ஜிபி வரை நினைவகம் ஏற்கும். இன்றைய பயன்பாட்டுக்குப் போதிய வேகம் உண்டு. வேகத்துக்கும் உரிமைக்கும் இடையே ஒரு சமநிலை தேடுபவருக்கு நான் இவற்றையே சொல்வேன்.

முதன்முறை லிப்ரெபூட்டை எழுதுவதற்கு, பெரும்பாலும் கருவியைத் திறந்தாக வேண்டும். எக்ஸ்200இல் விசைப்பலகையையும் கைவைக்கும் மேற்பகுதியையும் கழற்றினால் மதர்போர்டின் ஓரத்தில் ஃபிளாஷ் சிப் தெரியும். சிலவற்றில் அது 8 கால்கள் கொண்ட 4 எம்பி சிப், சிலவற்றில் 16 கால்கள் கொண்ட 8 எம்பி சிப். சிப்பின் கால்களைப் பிடித்து, அதைப் படித்து எழுதும் வெளிக்கருவியோடு இணைக்கும் கிளிப்பை வாங்குவதற்கு முன் எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் வெவ்வேறு கிளிப். மின்கலத்தையும் மின்னிணைப்பையும் நீக்கிவிட்டு, கிளிப்பைப் பொருத்தி, சிப்பில் உள்ளதை முதலில் இரண்டு முறை படித்து, இரண்டு நகல்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபார்த்து, ஒரு நகலைப் பத்திரமாக வேறிடத்தில் வைத்த பின்பே எழுதத் தொடங்க வேண்டும். நகல்கள் ஒத்துவராவிட்டால் கிளிப் சரியாக அமரவில்லை என்று பொருள். இந்த வேலையில் தயக்கம் உள்ளவர்கள், ஏற்கெனவே எழுதித் தரும் விற்பனையாளரிடம் வாங்குவதே சரி.

இவ்வளவுக்குப் பின்னும், விசைப்பலகையையும் மின்கலத்தையும் கவனிக்கும் கட்டுப்பாட்டுச் சிப்பின் நிரலும் சேமிப்பகத்தின் உள் நிரலும் மூடியவையாகவே இருக்கும். முழுதும் கட்டற்றது என்று எவரேனும் விளம்பரம் செய்தால் இந்த இரண்டையும் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

லினக்ஸ் நிறுவியே விற்கப்படும் புதிய மடிக்கணினி போதாதா?

பலருக்கு அதுவே சிறந்த வழி. உறக்க நிலை, ஒலி, வெளித்திரை எல்லாம் சோதிக்கப்பட்டு வருகின்றன. குறை இருந்தால் கேட்க ஆள் இருக்கிறார். அப்படி விற்பவர்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. சிஸ்டம்76 தன் மாடல்கள் சிலவற்றில் கோர்பூட்டையும், மற்ற நிறுவனங்கள் மூடியே வைக்கும் கட்டுப்பாட்டுச் சிப்புக்குக் கட்டற்ற நிரலையும் தருகிறது. பியூரிசத்தின் லிப்ரெம் மடிக்கணினிகளில் கோர்பூட்டுடன், கேமராவையும் மைக்கையும் வைஃபையையும் மின்னளவில் துண்டிக்கும் விசைகள் உண்டு. 2021இல் வந்த ஃபிரேம்வொர்க் மடிக்கணினியின் வலிமை, பாகங்களைத் தனித்தனியே மாற்ற முடிவது. எம்என்டி ரிஃபார்ம் மடிக்கணினியோ சுற்றுப்படங்கள் உள்பட அனைத்தையும் வெளியிட்டு, எட்டுத் தனித்தனி மின்கலங்களைப் பயனரே மாற்றும்படி வருகிறது. அதன் முதல் செயலியான ஐ.எம்எக்ஸ்8எம் கூட நினைவகத்தைத் தயார்ப்படுத்த ஒரு சிறு மூடிய கோப்பைக் கேட்கிறது.

குரோம்புக் வாங்கி அதில் லினக்ஸ் போடலாமா?

போடலாம். குரோம்புக்குகளின் ஃபர்ம்வேருக்கு அடித்தளம் கோர்பூட்தான். இன்டெல், ஏஎம்டி செயலி கொண்ட பல மாடல்களுக்கு, வழக்கமான லினக்ஸைத் தொடங்கவல்ல முழு ஃபர்ம்வேர் கிடைக்கிறது. அதை எழுதுவதற்கு, சிப்பில் எதையும் எழுதவிடாமல் காக்கும் தடையை நீக்க வேண்டும்: பழையவற்றில் மதர்போர்டில் ஒரு திருகு, புதியவற்றில் மின்கலத்தைக் கழற்றுவது போன்ற முறைகள். டெவலப்பர் நிலைக்கு மாற்றும்போது கருவியில் உள்ள தரவு அனைத்தும் அழியும் என்பதை மறக்க வேண்டாம். சேமிப்பகம் 16 அல்லது 32 ஜிபி மட்டுமே பற்றவைக்கப்பட்டு வரும் மாடல்கள் ஏராளம், அவற்றைத் தவிர்க்கலாம்.

ஆப்பிள் மடிக்கணினி?

ஏற்கெனவே கையில் இருந்தால், ஆப்பிள் கருவிகளுக்கென உருவான அசாகி லினக்ஸ் எம்1, எம்2 கருவிகளில் வியக்கத்தக்க அளவு இயங்குகிறது. இதற்காகவே புதிதாக வாங்க நான் சொல்லமாட்டேன். எல்லாப் பாகமும் பற்றவைக்கப்பட்டவை, ஆவணங்கள் வெளியிடப்படாதவை.

டேப்லெட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

முதலில், இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் பூட்லோடர் என்ற நிரல் பூட்டப்பட்டிருக்கிறதா என்று. 2012இல் வந்த விண்டோஸ் ஆர்டி டேப்லெட்களில், கையொப்பமிட்ட இயங்குதளத்தை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட்டை அணைக்கும் வசதியே தரப்படவில்லை. அப்படிப்பட்ட கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பயனில்லை. இன்டெல் பே டிரெயில் செயலி கொண்ட மலிவு டேப்லெட்கள் பலவற்றில் செயலி 64 பிட், யூஇஎஃப்ஐ 32 பிட் என்ற வினோதக் கூட்டணி இருக்கும். வழக்கமான 64 பிட் பென்டிரைவ் அவற்றில் தொடங்காது. விசைப்பலகையைக் கழற்றக்கூடிய, வணிகப் பயன்பாட்டுக்கென வந்த இன்டெல் டேப்லெட்கள் பொதுவாக நல்ல தேர்வு. தொடுதிரை, திரை தானே திரும்புவது, பேனா ஆகிய மூன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

கைபேசிகளில் நிலைமை எப்படி?

கடினம். அதனால்தான் இதில் உழைப்பவர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

கைபேசியில் லினக்ஸ் என்னும்போது இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, ஆண்ட்ராய்டின் மூலநிரலிலிருந்து உருவான லினியேஜ்ஓஎஸ் போன்றவை. இவை நூற்றுக்கும் மேற்பட்ட மாடல்களில் அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்ற நிலையில் இயங்குகின்றன. ஆனால் வரைகலை, கேமரா, வைஃபை ஆகியவற்றுக்கு உற்பத்தியாளரின் மூடிய கோப்புகளையே நம்பியிருக்கின்றன. அந்தக் கோப்புகளை முற்றிலும் விலக்க முயன்ற ரெப்ளிகண்ட் திட்டம், சில பழைய கேலக்ஸி மாடல்களோடு நின்றது. அவற்றிலும் உள்ளிணைந்த வைஃபை வேலை செய்யாது. இன்னொரு பாதை, கணினியில் ஓடும் லினக்ஸைக் கைபேசிக்குக் கொண்டுவரும் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், மோபியன், உபுண்டு டச் போன்றவை. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் 2017இல் தொடங்கியது. உற்பத்தியாளர் கைவிட்ட கைபேசியைப் பத்தாண்டுகள் வாழவைப்பது அதன் குறிக்கோள். ஸ்னாப்டிராகன் 845 செயலி கொண்ட ஒன்பிளஸ் 6 போன்ற சில மாடல்கள், உற்பத்தியாளரின் தனிக் கெர்னல் இல்லாமல் முதன்மை லினக்ஸ் கெர்னலிலேயே கணிசமாக இயங்குகின்றன.

இந்த நோக்கத்துக்கென்றே செய்யப்பட்டவை பைன்ஃபோனும் லிப்ரெம் 5உம். பைன்ஃபோனின் பின்மூடியைத் திறந்தால் ஆறு சிறு விசைகள் வரிசையாகத் தெரியும்: மோடம், வைஃபை மற்றும் புளூடூத், மைக், பின் கேமரா, முன் கேமரா, ஹெட்போன் என ஒவ்வொன்றையும் தனித்தனியே துண்டிக்கலாம். லிப்ரெம் 5இல் அதே நோக்கத்துக்கு வெளிப்புறத்திலேயே மூன்று விசைகள். இரண்டிலும் மோடம், முதன்மைச் செயலியோடு நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளாமல் யூஎஸ்பி வழியாகத் தனியே இணைக்கப்பட்டிருக்கிறது. மோடத்தின் உள்ளே ஓடும் நிரல் எந்தக் கைபேசியிலும் கட்டற்றதல்ல. அந்த நிரல் நம் தரவைத் தொட முடியாதபடி பிரித்து வைப்பதே இன்று சாத்தியமான பாதுகாப்பு. பைன்ஃபோனின் ஏ64 செயலி 2 அல்லது 3 ஜிபி நினைவகத்தோடு மெதுவாகவே இயங்கும். ஒரே கைபேசியாக இதை மட்டும் நம்புவது எல்லோருக்கும் ஒத்துவராது. நான்காம் தலைமுறை வலையமைப்பில் குரல் அழைப்பு கிடைக்கிறதா என்பதைத் தம் சேவை வழங்குநரோடு சேர்த்து உறுதிசெய்த பிறகே வாங்க வேண்டும்; பழைய வலையமைப்புகள் மூடப்பட்ட இடங்களில் அது இல்லாமல் பேசவே முடியாது.

பழைய ஆண்ட்ராய்டு கைபேசியை வாங்குபவர் பூட்லோடரைத் திறக்க உற்பத்தியாளர் அனுமதிக்கிறாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரே மாடலிலும் சேவை நிறுவனம் வழியாக விற்கப்பட்ட வகை நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கலாம்.

ராஸ்பெரி பை, ரிஸ்க்-வி பலகைகளைக் கொண்டு கையடக்கக் கருவி செய்தால் முழு உரிமை கிடைக்குமா?

ராஸ்பெரி பை தொடங்குவதற்கே மூடிய ஃபர்ம்வேர் வேண்டும். ரிஸ்க்-வியில் கட்டளைத் தொகுப்பு திறந்தது. அதைக் கொண்டு செய்த சிப் திறந்ததாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை, பல பலகைகளில், நெடுங்காலம் மூடிய டிரைவரையே நம்பியிருந்த பவர்விஆர் வரைகலைச் சிப்பே இருக்கிறது. ராக்சிப்பின் ஆர்கே3399 செயலி இந்த வகையில் நல்ல பெயர் பெற்றது: மூடிய கோப்பின்றியே தொடங்க முடியும், அதன் மாலி வரைகலைச் சிப்புக்கு பான்ஃபிராஸ்ட் என்ற கட்டற்ற டிரைவர் உண்டு. பைன்புக் புரோ மடிக்கணினியில் இருப்பது அதுவே.

செயலியின் மைக்ரோகோடு (அதன் கட்டளைகளை நிறைவேற்றும் உள் நிரல்) புதுப்பிப்பும் மூடியதுதானே, அதையும் மறுக்க வேண்டுமா?

கண்டிப்பான இயங்குதளங்கள் அதைத் தருவதில்லை. என் கருத்து வேறு. செயலிக்குள் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்ட மூடிய மைக்ரோகோடு ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கிறது. புதுப்பிப்பை மறுப்பதால் அது கட்டற்றதாக மாறிவிடாது, பிழைகள் நிறைந்த பழைய வடிவமே தொடரும். 2018 ஜனவரியில் வெளிப்பட்ட ஸ்பெக்டர் என்ற செயலிப் பாதுகாப்புக் குறைபாட்டின் சில வடிவங்களைத் தடுக்க மைக்ரோகோடு புதுப்பிப்பு தேவைப்பட்டது. எனவே புதுப்பிப்பை ஏற்பதே பயனருக்கு நல்லது என்று எண்ணுகிறேன். மறுப்பவர்களின் கொள்கை உறுதியையும் மதிக்கிறேன்.

வாங்குவதற்கு முன் நேரில் சோதிக்க வாய்ப்பு கிடைத்தால் என்ன செய்வது?

லைவ் முறையில், அதாவது கணினியில் நிறுவாமலேயே, தொடங்கும் இரண்டு பென்டிரைவ்களை எடுத்துச் செல்லுங்கள்: ஒன்றில் டெபியன் அல்லது ஃபெடோரா, மற்றொன்றில் டிரிஸ்குவெல். முதலாவது எல்லாம் சேர்ந்த நிலையில் எவ்வளவு இயங்குகிறது என்று காட்டும். இரண்டாவது, மூடிய கோப்புகளை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது என்று காட்டும். விற்பவரின் விண்டோஸ் அதில் இருந்தால், செக்யூர் பூட்டை அணைப்பதற்கு முன், விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்பு விசை அவரிடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அவருடைய தரவு பூட்டிக்கொள்ளும். டெபியன், ஃபெடோரா, உபுண்டு மூன்றும் செக்யூர் பூட் இருக்கும்போதே தொடங்குவதால் அவற்றுக்கு அதை அணைக்கத் தேவையில்லை.

தொடங்கியதும் வைஃபையில் இணையுங்கள், ஒலி கேளுங்கள், மைக்கில் பேசிப் பதிவுசெய்து கேளுங்கள், கேமராவைத் திறங்கள், ஒளி கூட்டும் விசைகளை அழுத்துங்கள், வெளித்திரையைச் செருகுங்கள். மூடியை மூடி, சற்றுநேரம் கழித்துத் திறந்து, எல்லாம் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். பிறகு டிமெஸ்ஜி கட்டளையில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். கெர்னல் எந்தெந்தக் கோப்பைக் கேட்டது, எது கிடைக்காமல் போனது என்று வரிவரியாகச் சொல்லிவிடும். நிறுவியின் கண்ணுக்குச் சேமிப்பகம் தெரியாவிட்டால் பதற வேண்டாம். பயாஸில் ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்றிருப்பதை ஏஎச்சிஐ என்று மாற்றினால் பெரும்பாலும் தெரியும். அந்த மாற்றத்தைக் கருவி உங்களுடையது ஆன பிறகு செய்யுங்கள், ஏனெனில் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் அதன்பின் தொடங்காமல் போகலாம்.

நேரில் பார்க்க முடியாவிட்டால்?

விற்பவரிடம் வைஃபை அட்டையின் பெயரையும், வரைகலைச் சிப் எது என்பதையும், நினைவகமும் வைஃபையும் பற்றவைக்கப்பட்டவையா செருகப்பட்டவையா என்பதையும், பயாஸுக்குக் கடவுச்சொல் போடப்பட்டிருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசிக் கேள்வி முக்கியம்: அலுவலகங்களிலிருந்து கழித்துவிடப்பட்ட மடிக்கணினிகள் சில பயாஸ் பூட்டோடு விற்பனைக்கு வருகின்றன. பிறகு லினக்ஸ்-ஹார்ட்வேர் தளத்தில் அந்த மாடலையும் சிப் எண்களையும் தேடுங்கள். பிறர் தம் கருவியிலிருந்து பதிவேற்றிய சோதனை விவரங்கள், எந்தக் கெர்னலில் எது இயங்கியது என்பதோடு அங்கே கிடைக்கும். மூடிய கோப்பின்றி இயங்குமா என்று அறிய எச்-நோட் தளம் இருக்கிறது. அதில் பழைய கருவிகளே மிகுதி.

வாங்கிய கருவியின் விவரத்தைப் பிறருக்குப் பயன்படும்படி எப்படிப் பதிவது?

எச்டபிள்யூ-ப்ரோப் என்ற கருவியை நிறுவி இயக்கினால், பாகங்களின் பட்டியலை லினக்ஸ்-ஹார்ட்வேர் தளத்துக்கு அனுப்பும். தொடர் எண்கள் போன்றவை மறைக்கப்பட்டே செல்லும். அனுப்பியபின் கிடைக்கும் பக்கத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே இயங்குகிறது, பகுதியளவு இயங்குகிறது, இயங்கவில்லை என்று நீங்களே குறிக்கலாம். இயங்காதவற்றைக் குறிக்கத் தயங்க வேண்டாம். அதே மாடலைத் தேடி வரும் அடுத்தவருக்கு மிகவும் வேண்டிய தகவல் அதுதான். கெர்னல் பதிப்பையும் இயங்குதளத்தின் பெயரையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் புதிய கெர்னல் வந்ததும் இன்னொரு முறை இயக்கி, மாறியதைத் திருத்திவிடுங்கள்.